மாலத்தீவுக்கு அறை தேடிய மாதம்

எங்கள் கல்யாணம் பாந்த்ராவில் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் நடந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது, அவருக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் இரண்டாவது கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த மூன்று பேரும் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் ஆட்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்து, ரோட்டோரம் நின்றபடியே வடா பாவ் தின்றோம். விரலில் ஒட்டிய சட்னியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"ஒரு தீவுக்குப் போவோம். நாம ரெண்டு பேர் மட்டும். கெஸ்டாப் போவோம்."

சாட்சிக்கு வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கெஸ்ட் என்ற அந்தச் சொல் எங்கள் ஆட்களுக்குத்தான் அப்படி ருசிக்கும். நான் இருபத்துநான்கு வருஷமாக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இருக்கிறேன். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத லினன் ரூம். மேலே இருக்கும் அறைகளுக்குப் போகும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் என் கையால் எண்ணிப் போகும், எண்ணித் திரும்பும். பின் கேட் வழியாக உள்ளே வந்து, பையைத் திறந்து காட்டி, சர்வீஸ் லிஃப்டில் இறங்க வேண்டும். யூனிஃபார்மோடு லாபியில் கால் வைக்கக் கூடாது. தீயணைப்பு ஒத்திகை நடந்த ஒரு நாள் மட்டும் லாபி வழியாக ஓடினேன். தலைக்கு மேல் தொங்கிய விளக்கைப் பார்ப்பதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

அவர் அதே ஹோட்டலில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்தவர். விரிப்பு வாங்குவது அவர், அதோடு மாரடிப்பது நான். முதல் பதினைந்து வருஷம் நாங்கள் சண்டை மட்டும்தான் போட்டோம். இரண்டு தடவை துவைத்ததும் கிழிகிற விரிப்பை அவர் மேஜைமேல் விரித்துக் காட்டி, "இதுல நீங்க ஒரு நாள் படுத்துப் பாருங்க" என்று கத்தியிருக்கிறேன். அவர் மனைவி இறந்து ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் லினன் ரூமுக்கு இறங்கி வந்து, வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை எப்படிப் போகும் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் காபிக் கறை. அதற்கடுத்த வாரம் நாவல்பழம். அவர் வேண்டுமென்றே ஊற்றிக்கொண்டு வருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முதல் புருஷன் இறந்து அதற்குள் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பாலக்காட்டுப் பூர்வீகம். நான் தாராவியில் பிறந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் அவருடைய இரண்டு அறை வீட்டுக்குப் போனேன். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில்பாதைதான். அதை நான் எத்தனையோ தடவை நடந்தே தாண்டியிருக்கிறேன். அவர் குடும்பத்தில் ஒருவரும் எங்கள் பக்கம் தாண்டி வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை, என் காலை ஷிஃப்ட் முடிந்ததும், மாட்டுங்காவில் ஒரு டிராவல் ஏஜென்ஸிக்கு என்னைக் கூட்டிப் போனார். அவர் குடும்பம் பல வருஷமாக டிக்கெட் எடுக்கும் இடம். பூக்கடைகளுக்குப் பின்னால் குறுகலான மாடிப்படி, மேலே ஏசி போட்ட ஒரே அறை. அப்பா நடத்தியதை இப்போது மகன் நடத்துகிறார். முப்பது வயதிருக்கும். நான் வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன். நூல்புடவை, கொண்டை, டிபன் டப்பா வைத்த துணிப்பை. படி குறுகல் என்பதால் அவருக்குப் பின்னால் ஏறினேன்.

"வாங்கோ அங்கிள்! ஃபோன் பண்ணியிருந்தா நானே ஆத்துக்கு வந்திருப்பேனே" என்று அந்த ஆள் எழுந்து நின்றார். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஃபைல்கள் அடுக்கியிருந்தன. இன்னொன்றில் இவரை உட்கார வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "பாயி, ஆப் பாஹர் பைட்டோ. இதர் ஜகா நஹீ ஹை" என்றார்.

மராத்தியில் "பாயி" மரியாதையான சொல்தான். ஆனால் இந்த ஊரில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைக் கூப்பிடும் சொல்லும் அதுதான். எது எந்த "பாயி" என்பது குரலில் தெரியும். இடமில்லை, வெளியே உட்கார் என்றார். வெளியே என்றால் மாடிப்படி.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஏஜென்ட்டைப் பார்த்தார்.

"இல்லப்பா, இவா என்னோட வந்திருக்கா" என்றார்.

"ஓ, சாரி, சாரி" என்று ஃபைல்களை எடுத்துத் தரையில் வைத்தார் ஏஜென்ட். நான் உட்கார்ந்தேன். என்னோட வந்திருக்கா. குடைகூடத்தான் அவரோடு வந்திருந்தது.

"சொல்லுங்கோ அங்கிள், எங்க டிரிப்?"

"மாலத்தீவு. நல்ல ரிசார்ட்டா. ரெண்டு பேருக்கு."

"சூப்பர்! யாராவது புது ஜோடிக்கா?"

"இல்ல... எனக்குத்தான்."

எங்களுக்கு என்று சொல்லவில்லை. எனக்கு என்றார். ஏஜென்ட் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு ஒரு டிராயரைத் திறந்து வேறு நோட்டீஸை எடுத்தார். "மாலத்தீவு ஹனிமூன்காரா போற இடம் அங்கிள், போர் அடிக்கும். உங்களுக்கு சீனியர்ஸ் குரூப்ல இலங்கை போடறேன். சுத்த வெஜிடேரியன் சமையல்காரர் கூடவே வருவார்." குனிந்து இவர் முழங்காலைப் பார்த்தார். "முட்டி வலி இருக்கா? அட்டெண்டன்ட்டையும் கூட்டிண்டு போறேளா? அப்படின்னா இவங்களுக்கு லேடீஸ் டார்மெட்டரில ஒரு பெட் சொல்லிடறேன்."

இவர் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மெதுவாகக் குடித்தார். பாட்டில் பாதி காலியாகும்வரை நான் காத்திருந்தேன். மூடியைத் திருகி வைத்துவிட்டு, "மாலத்தீவே பாருங்கோ" என்றார். அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். பையை எடுத்தேன். படியிறங்கிவிட்டேன். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் வருகிற கோபம் அதிகம். லினன் ரூமில் ஜெனரல் மேனேஜரிடமே குரலை உயர்த்தியவள் நான். அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவர் பெண்டாட்டி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, செம்பூர் வந்து சேரும்வரை, சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்திருக்கும்.

அவர் ஒரு மணி நேரம் கழித்து டாக்ஸியில் வந்தார். கையில் பளபளவென்று ஐந்தாறு ரிசார்ட்டுகளின் புத்தகங்கள்.

"ஏன் எழுந்து வந்துட்டே?"

"இடமில்லைன்னாவ. வந்துட்டேன்."

"அவன் தெரியாம பேசிட்டான். விடேன்."

"அவனை விட்டாச்சு. அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்க ஏன் சொல்லல?"

"இவா என்னோட வந்திருக்கான்னு சொன்னேனே."

"ரயில்ல பக்கத்துல நின்னுட்டு வாறவளும் உங்களோடதான் வாறா."

புத்தகங்களை டீப்பாயில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். அன்றைக்கே முடிவு செய்தேன்: இந்த ரிசார்ட்டை நான்தான் தேர்ந்தெடுப்பேன். ஏஜென்ட் வேண்டாம், அவர் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். அது ஆசையில் எடுத்த முடிவு இல்லை. வீம்பில் எடுத்தது.

மகனிடம் ஃபோனில் சொன்னேன். அவன் டோம்பிவிலியில் இருக்கிறான். கல்யாணமாகி இரண்டு வருஷம். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றான். நானும் நம்பியதுபோல் இருந்துவிட்டேன்.

"மாலத்தீவா? மா, அங்க புது ஜோடிங்கதான் போவாங்க. அஜீப் லக்தா ஹை, ஒரு மாதிரியா இருக்கு."

"என்னல அஜீப்?"

"இந்த வயசுல... ஃபோட்டோ கீட்டோ போட்டா ஆபீஸ்ல எல்லாம் பாப்பாங்க. வேணும்னா திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன் மா. ரெண்டு பேரையும். நானே டிக்கெட் போடுறேன்."

"ஏல, நீ ஹனிமூனுக்குக் கோவா போகும்போது உம் பெட்டிய அடுக்கிக் குடுத்தது யாரு?"

"அது வேற மா."

"எப்படி வேற?"

மறுபடியும் திருச்செந்தூர் என்றான். முருகனை எனக்குப் பிடிக்கும். ஆனால் என்னை மாலத்தீவுக்குப் போகக் கூடாது என்று சொல்வதற்காக முருகனை நடுவே கொண்டுவருவது எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்து, சமையலை அடுப்பில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் அவருடைய பழைய லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். படங்களைப் பார்ப்பேன். எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருந்தன. பச்சைத் தண்ணீர், அதன்மேல் கால் ஊன்றி நிற்கும் குடிசை, வெள்ளைக் கட்டில், கட்டிலின்மேல் ரோஜா இதழில் ஒரு இதயம். மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியுமோ, எனக்கு ரோஜா இதழ் என்றால் கறை. நசுங்கிய இதழ் வெள்ளை விரிப்பில் பழுப்பாக ஊறும், சாதாரண சோப்புக்குப் போகாது. ஹனிமூன் அறைகளின் விரிப்பைத் தனி மூட்டையாகக் கட்டி எனக்கு அனுப்புவார்கள். துண்டை முறுக்கிச் செய்த அன்னப்பறவைகளைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் பதினாறு அறை. அதற்கு நடுவே இரண்டு அன்னம் செய்து, அதன் கழுத்தை ஒன்றோடொன்று சாய்த்து வைக்க வேண்டும். கெஸ்ட் வந்ததும் அதை உதறிக் கால் துடைப்பார்.

புகழ்ந்து எழுதியவர்களின் கருத்துகளை நான் படிக்கவே இல்லை. திட்டியவர்கள் எழுதியதை மட்டும் படித்தேன். "மெத்தையில் ஈர வாடை" என்று ஒருவர் எழுதியிருந்தால், அங்கே துணியைச் சரியாகக் காயவிடாமல் மடிக்கிறார்கள். "துண்டு அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கிறது" என்றால், கடல்தண்ணீரைச் சுத்தம் செய்து எடுத்த நல்ல தண்ணீரை அலசுவதில் மிச்சம் பிடிக்கிறார்கள். அலசுவதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிப்பார்கள். ஈர வாடை அடித்த தீவுகளைப் பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடித் தரை போட்ட ஒரு ரிசார்ட் மிஞ்சியது. இவருடைய பழைய சப்ளையர் ஒருவரும் அதையே சொல்லியிருந்தாராம்.

அந்த ரிசார்ட்டுக்கு ஃபோன் போட்டேன். எனக்கு ஹோட்டல் இங்கிலீஷ் நன்றாக வரும். எடுத்த பெண் வில்லாவின் அளவு, நீச்சல்குளம், மெழுகுவத்தி டின்னர் எல்லாம் ஒப்பித்தாள். முடித்ததும், "விவரங்களை உறுதி செய்ய உங்கள் கணவரிடம் பேசலாமா?" என்றாள். அடுத்த பேச்சிலும் அதையே கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னேன்: "என் கணவருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. எனக்கு ஒரு பதில் வேண்டும். உங்களிடம் ஒரு கட்டிலுக்கு எத்தனை செட் விரிப்பு இருக்கிறது?"

ஒரு செட் கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். குறைந்தது மூன்று வேண்டும். மழை பெய்தால் சரக்குப் படகு வராத தீவில் நான்கு வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு ஃபோன் வந்தது. ஆண் குரல், இங்கிலீஷில்: "மேடம், நேற்று லினன் பற்றிக் கேட்டது நீங்கள்தானா? நான் இங்கே ஹவுஸ்கீப்பிங் ஹெட்." நான் ஆமாம் என்று சொல்லி இரண்டு வாக்கியம் பேசியதுமே அந்தக் குரல் மாறியது.

"மேடம் தமிழா?"

"ஆமா. பம்பாய், தாராவி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்."

"அதானே பாத்தேன், பேச்சு நம்ம பக்கம்லா இருக்கு! நமக்குத் தூத்துக்குடி. அக்கா, பதினாலு வருசமா இந்த வேலை பாக்கேன், ஒரு கெஸ்ட்டும் இந்தக் கேள்வி கேட்டதில்ல. நீங்க எந்த ஹோட்டல்ல இருக்கீய?"

கண்டுபிடித்துவிட்டார். சொன்னேன். லினன் ரூம் என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ரெண்டரை செட்டுதான் இருக்குக்கா."

"அது என்ன ரெண்டரை?"

"மூணாவது செட்டுல பாதி கிழிஞ்சு போச்சு. ஆர்டர் போட்டிருக்கு, போட்டிருக்குன்னு ஒரு வருசமா சொல்லுதாவ." நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு வெளிய வரக் கூடாது. படத்துல காட்டுற வில்லா எல்லாம் சூரியன் மறையுற பக்கம். நீங்க கேட்டிருக்குறது எதிர்ப் பக்கம், ஜெனரேட்டர் பக்கம். கண்ணாடித் தரைல மீன் தெரியாது, பாசிதான் தெரியும்."

அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். இரண்டு. ஊருக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

"எம் பொண்டாட்டி இந்தத் தீவை ஃபோட்டோல பாத்ததோட சரிக்கா. ஸ்டாஃப் குடும்பம் வரக் கூடாது. லீவு நாள்ல நாங்களே முன்பக்கத்துக் கடல்ல காலை நனைக்கக் கூடாது. எங்களுக்குன்னு பின்னால கொஞ்சம் கடல் விட்டிருக்காவ. குப்பைப் படகு வந்து நிக்கும்லா, அந்த இடம்."

கடலிலும் பின் கேட் வைத்திருக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார். கடைசியில் வேறொரு தீவின் பெயரைச் சொன்னார். முன்பு அவர் வேலை செய்த இடம். சின்னது, பழையது, கண்ணாடித் தரை கிடையாது, மணலிலேயே வீடுகள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஸ்டாஃப்பும் கெஸ்ட்டும் ஒரே கடல்ல குளிப்போம். லாண்டரிய ஒரு இலங்கைக்காரம்மா பாக்காவ. ஈரத்துணிய மடிக்க விடவே மாட்டாவ. அங்க போங்கக்கா."

நான் ஃபோனை வைத்தபோது இவர் வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்ன பின்ன தெரியாதவன் சொன்னதை நம்பி நல்ல ரிசார்ட்டை விடறதா? என் சப்ளையர் ஃபேமிலியோட போய்ட்டு வந்து சொல்றான்."

"உங்க சப்ளையர் நல்ல விரிப்புன்னு சொன்னதைத்தான் நான் மேஜைமேல விரிச்சுக் காட்டினேன். ஞாபகம் இருக்கா?"

"எதுக்கெடுத்தாலும் கோபப்பட்டா எப்படி? பத்து நாளா வீட்ல முகம் குடுத்துப் பேசலை நீ."

"ஏன் சொல்லலைன்னு பத்து நாளாக் கேக்கேன். நீங்க தண்ணி குடிச்சதுதான் பதிலா?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேஜைவிரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார்.

"அவளோட, என் முதல் மனைவியோட கடைசி டிரிப்புக்கு டிக்கெட் எடுக்க அங்கதான் போனோம். காசிக்கு. நீ உக்காந்தியே, அதே நாற்காலி. அப்பவே அவளுக்கு உடம்பு முடியலை. அங்க உக்காந்துண்டு இன்னொருத்தரைக் காட்டி மனைவிங்கற அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் விட மனசில்லை.

"அப்படின்னா என்னை அங்க கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது. பம்பாய்ல வேற ஏஜென்ட்டே இல்லையா? உங்க துக்கத்துக்கு நான் ஏன் அட்டெண்டன்ட்டா உக்காரணும்?" நான் நிறுத்தவில்லை. "இன்னொன்னும் கேக்கேன். நான் தாராவிக்காரிங்கிறதுக்காக இல்லையே? அந்தப் புடவையும் பையும் பாத்து உங்களுக்குக் கூச்சமா இல்லையே?"

உடனே இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். குக்கர் ஒரு விசில் அடித்தது.

"கொஞ்சம் அதுவும் இருந்திருக்கலாம்" என்றார். "அந்த நிமிஷத்துல. அப்புறம் டாக்ஸில வரச்சே வெக்கமா இருந்தது."

இல்லவே இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் நான் அன்றே தாராவிக்கு, என் தங்கை வீட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். சாதம் போட்டேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். ரசத்தைச் சிந்தினேன். அவர் எழுந்து துடைத்தார். நான் துடைக்கவிட்டேன்.

சனிக்கிழமை அவர் தனியாக மாட்டுங்கா போனார். நான் போகச் சொல்லவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"அன்னிக்கு வந்தது என் மனைவின்னு. அவளை நீ வெளில உக்காரச் சொன்னே, நானும் வாயை மூடிண்டிருந்தேன், ரெண்டும் தப்புன்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ரொம்ப சாரி சொன்னான். ஃப்ளைட் டிக்கெட்ல பத்து பெர்சென்ட் குறைச்சுத் தரேன்னான்."

எனக்கு மறுபடியும் தலைக்கு ஏறியது. அதற்குள் அவர் ஃபோனில் ஏஜென்ட்டின் மெஸேஜ் வந்து விழுந்தது. "சாரி அங்கிள், ஆன்ட்டியிடம் சொல்லிவிடுங்கள்," கூடவே கைகூப்பும் படம். என்னை வெளியே உட்காரச் சொன்னதற்கு இவரிடம் மன்னிப்பு. ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கி, மைக்கை அழுத்திப் பேசினேன்.

"தம்பி, நான்தான் பேசுதேன், அன்னைக்கு வந்தவ. என்னையப் பாயின்னு நினைச்சது எனக்குப் பெருசில்ல. எங்கம்மா முப்பது வருசம் நாலு வீட்டுல பாத்திரம் தேச்சவ. உங்க ஆபீஸுக்கு நெசமாவே ஒரு பாயி வந்தாலும் அந்த ஃபைலை எடுத்துக் கீழ வச்சிட்டு உக்காரச் சொல்லுங்க. டிஸ்கவுண்ட் வேண்டாம்."

அன்றைக்குப் பேச முடியாததில் பாதியாவது போய்ச் சேர்ந்தது. கேட்டுவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இவர் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடிக்காரர் சொன்ன தீவுக்கே எழுதினேன். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டேன். அடுத்த நாளே பதில் வந்தது: நான்கு செட், ஐந்தாவது வாங்கிக்கொண்டிருக்கிறோம், ஏன் கேட்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாமா? எனக்குப் பிடித்துப்போனது. என் பெயரில், என் கார்டில், என் மின்னஞ்சலிலிருந்து புக் செய்தேன். உறுதிக் கடிதம் என் கணவர் பெயருக்கு வந்தது. "அன்புள்ள திரு" என்று தொடங்கி, உங்களையும் உங்கள் துணைவியையும் வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல தீவு, நல்ல லாண்டரி, அங்கேயும் இப்படி. புக் செய்தது நான், என் பெயரில் கடிதம் அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். மாற்றி அனுப்பினார்கள். அதை ஹோட்டலில் பிரிண்ட் எடுத்து லினன் ரூம் கதவில் ஒட்டினேன். ஒரு வாரம் எல்லோரும் வந்து படித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து நாள் இருந்தோம். படகில் இறங்கியதும் ஒரு பெண் குளிர்ந்த துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். நான் அதை முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. முதல் இரண்டு நாள் எனக்கு உட்காரத் தெரியவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் கதவைத் தட்டினால் எழுந்து நின்றுவிடுவேன். அவர் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தால் என் கை தானாக மறுமுனைக்குப் போகும். "மேடம், பிளீஸ்" என்று அவர் கெஞ்சினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், சொன்னதுபோலவே, வேலை முடிந்தவர்கள் அதே கடலில் வந்து குளித்தார்கள். இலங்கைக்கார அம்மாவும் வந்தார். தண்ணீரில் கழுத்தளவு நின்றபடி அரை மணி நேரம் கறை பற்றிப் பேசினோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கரையேறினார்கள். எங்கள் இருவருக்குமே நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றோம். மழை கடலின்மேல் பொரிந்தது. அவர் அண்ணாந்து வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து முகத்தில் அடித்து, மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோனது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகமே தெரியாது. ஒரு மணி நேரம் கைகோத்துக்கொண்டு, கால் விரலால் கடலடியைத் துழாவினோம். நண்டை மிதித்து நான் அலறினேன், அவர் பவளத்தை மிதித்துக் கத்தினார், இரண்டு பேரும் தடுமாறி விழுந்து உப்புத்தண்ணீர் குடித்து எழுந்தோம். வராந்தாவிலிருந்து ஒரு இளம் ஜோடி எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

கடைசியில் என் கட்டைவிரலில்தான் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்து லென்ஸைக் காணோம். மீதி நாட்கள் முழுக்க அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் கடலைப் பார்த்தார். பழைய கண்ணாடியையும் பெட்டியில் எடுத்து வையுங்கள் என்று செம்பூரிலேயே இரண்டு தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்தக் கோபம் வீடு வந்து சேரும்வரை இருந்தது.